கடலில் விட்ட இரும்பு: வகுப்பறைக்கு ஒரு கேள்வி

(குடுமியான்மலையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கல்வெட்டுக்கும் குடைவரைக்கும் பெயர்பெற்ற குடுமியான்மலையில் கூடியிருக்கிறோம். இங்கே கடலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு என்பது நம் மாணவர்கள் பலருக்கு வரைபடத்தில் மட்டுமே தெரியும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவை ஒட்டி ஊர்கள் இருக்கின்றன. அன்னவாசல் சந்தையில் நாம் வாங்கும் கடல் மீன் ஏதோ ஒரு கரையில் இறங்கித்தான் இங்கே வருகிறது. நான் சில ஆண்டுகள் அந்தக் கரையோரப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். இப்போது உள்பகுதியில் பணியாற்றுகிறேன். இரண்டு இடத்துப் பிள்ளைகளிடமும் நான் வைத்துப் பார்த்த ஒரு கேள்வியை இன்று உங்களிடம் வைக்கிறேன்.

கேள்வி இதுதான். கடலுக்குள் எண்ணெய் எடுக்கக் கட்டிய இரும்பு மேடை பழசாகிவிட்டது; எண்ணெயும் தீர்ந்துவிட்டது. அதை முழுவதும் வெட்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டுமா? மீன்கள் வாழட்டும் என்று அங்கேயே விட்டுவிடலாமா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் 1974இல் சாகர் சாம்ராட் என்ற துரப்பணக் கலம் எண்ணெயைக் கண்டது. 1976இல் பாம்பே ஹை வயலில் உற்பத்தி தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. இத்தகைய மேடைகள் பொதுவாக இருபத்தைந்து முப்பது ஆண்டு வேலைக்கென்று கட்டப்படுபவை. குஜராத், மகாராஷ்டிரக் கடலில் உள்ள தப்தி எரிவாயு வயலில் ஐந்து கிணற்று மேடைகளை வெட்டி எடுத்துக் கரைசேர்த்து முடித்துவிட்டார்கள். இந்தியக் கடலில் இப்படி ஒரு வயலை மூடிச் சுத்தம் செய்தது அதுவே முதல் முறை. நம் காவிரிப் படுகைக் கடலிலும் பி.ஒய்-1 என்ற எரிவாயு வயலில் மேடை நிற்கிறது. இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வாக்காளர்களாகும்போது இந்தக் கேள்வி அவர்கள் முன் வந்து நிற்கும்.

மேடைக்கு அடியில் என்ன நடக்கிறது?

முதலில் அறிவியலைப் பார்ப்போம். கடலின் அடித்தளம் பெரும்பாலும் மணலும் சேறும்தான். பல உயிர்களுக்கு ஒட்டி வளரக் கெட்டியான பரப்பு வேண்டும். அது கிடைக்காத இடத்தில் ஓர் இரும்புக் கால் நட்டால், சில மாதங்களில் சிப்பிகள், கடற்பஞ்சுகள், சில இடங்களில் பவளங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வருகின்றன. சிறு மீனைத் தேடிக் களவாவும் பாரையும் வருகின்றன. கடற்பரப்பிலிருந்து அடிவரை பல மாடிக் கட்டடம்போல ஒவ்வோர் ஆழத்திலும் ஒவ்வொரு வகை உயிர் குடியிருக்கும். கலிபோர்னியக் கடலில் உள்ள எண்ணெய் மேடைகள் உலகில் அறியப்பட்ட கடல்வாழ் இடங்களில் மிக அதிக மீன் உற்பத்தி உள்ளவற்றுள் சேரும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதை வைத்துத்தான் அமெரிக்காவில் ‘மேடையிலிருந்து பாருக்கு’ என்ற திட்டம் வந்தது. பார் என்பது நம் மீனவர்களின் சொல். கடலடியில் பாறை உள்ள, மீன் கூடும் இடம் பார். முத்துக் குளித்த இடத்தை முத்துப்பார் என்றார்கள். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து ‘செயற்கைப் பவளப்பாறை’ என்று எழுதுவதைவிட ‘செயற்கைப் பார்’ என்பது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாப் பாரிலும் பவளம் இருப்பதில்லை.

1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் செயற்கைப் பார்களுக்கு வழிசெய்யும் சட்டம் இயற்றியது. 1986இல் லூசியானா மாநிலம் தனக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதலில் எண்ணெய்க் கிணற்றைச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டும். இயந்திரங்களும் எண்ணெய்க் குழாய்களும் உள்ள மேல்தளத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கால் சட்டகத்தை மட்டும் சாய்த்து விடலாம்; அல்லது மேல்பகுதியை வெட்டிவிட்டு அடிப்பகுதியை நிற்க விடலாம்; அல்லது இழுத்துப்போய்க் குறித்த இடத்தில் போடலாம். கப்பல் மோதாமலிருக்க அதன் தலைக்கு மேல் போதிய ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். முழுவதும் அகற்றினால் ஆகும் செலவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை நிறுவனம் மாநிலத்தின் பார் நிதிக்குக் கொடுக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் 500க்கும் மேற்பட்ட மேடைகள் இப்படிப் பாராகியிருக்கின்றன.

இதுவரை கேட்டால் எல்லாருக்கும் லாபம் போலத் தெரிகிறது. மீனுக்கு வீடு, அரசுக்கு நிதி, நிறுவனத்துக்குச் செலவு மிச்சம். நம் அறிவியல் கண்காட்சிகளில் இந்த இடத்தோடு அட்டை முடிந்துவிடும். ஆனால் நல்ல பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

கூட்டமா, பெருக்கமா?

முதல் சந்தேகம்: மேடையருகே மீன் அதிகம் என்பதால் கடலில் மீன் அதிகமாகிவிட்டது என்று சொல்ல முடியுமா?

இதை நான் வகுப்பில் இப்படிக் கேட்பேன். “சந்தை நாளில் அன்னவாசலில் கூட்டம் அலைமோதுகிறது. அதனால் வட்டாரத்தின் மக்கள்தொகை கூடிவிட்டதா?” பிள்ளைகள் சிரிப்பார்கள். “ஆரம்ப சுகாதார நிலையம் வந்ததால் குழந்தை இறப்பு குறைந்தது. இப்போது மக்கள்தொகை கூடுமா?” யோசிப்பார்கள். சந்தை கூட்டுகிறது, சுகாதார நிலையம் காப்பாற்றுகிறது. செயற்கைப் பார் இந்த இரண்டில் எது? சிறு குஞ்சுகள் ஒளிந்து பிழைக்க இடம் தந்தால் அது பெருக்கம். சுற்றுவட்டார மீனை ஓரிடத்தில் கூட்டி, வலைக்கு எளிதாக்கிக் கொடுத்தால் அது குறைப்பதற்கே வழி. எல்லாப் பாருக்கும் ஒரே பதில் கிடையாது என்பதே ஆய்வாளர்களின் நீண்டகால விவாதத்திலிருந்து தெரிவது. இடம், மீன் வகை, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது எட்டும். கண்மாயில் மீன் வளர்ப்பவர்கள் முள் கொப்புகளை வெட்டிப் போடுவதைப் பார்த்த பிள்ளைகள் உண்டு. “ஏன் போடுகிறார்கள்?” என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். மீன் ஒதுங்குவதற்கு, திருட்டு வலை மாட்டிக்கொள்வதற்கு என்று இரண்டு மூன்று காரணங்களோடு வருவார்கள். ஒரே கொப்புக்கு இத்தனை வேலையா என்று அவர்களே வியப்பார்கள்.

இரண்டாவது சந்தேகம்: கூடவே வருவது என்ன? மேடையைச் சுற்றித் துரப்பணக் கழிவு படிந்திருக்கலாம்; அதில் எண்ணெயும் உலோகங்களும் இருக்கலாம். வேற்றுக்கடல் உயிர்களுக்கும் மேடை படிக்கட்டாகிறது. பிரேசில் கடலுக்கு எண்ணெய் மேடைகளோடு வந்து சேர்ந்த சூரியப் பவளம் என்ற அயல் இனம், அங்குள்ள இயற்கைப் பாறைகளில் பரவி உள்ளூர் உயிர்களை நெருக்குகிறது.

மூன்றாவது சந்தேகம்தான் பெரியது. ‘பார்’ என்று பெயர் வைத்து எதை வேண்டுமானாலும் கடலில் போடலாமா? 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். ஏறத்தாழ இருபது லட்சம் டயர்கள். மீனுக்கு வீடும் ஆயிற்று, குப்பையும் தீர்ந்தது என்ற மகிழ்ச்சி. கட்டிய கட்டுகள் அரித்து அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளத்தை உடைத்தன. பிறகு அவற்றைப் பொறுக்கி எடுக்க மூழ்குவோரை அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் மொழிப்பாடமும் சேர்ந்துகொள்கிறது. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்க 1972இல் லண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வீசி எறிவதற்காக அல்லாமல் வேறு நோக்கத்துக்காக ஒரு பொருளை ‘வைத்தால்’ அது ‘கொட்டுதல்’ ஆகாது என்று அதில் ஒரு விலக்கு உண்டு. உடன்படிக்கையின் குறிக்கோளுக்கு எதிராக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அதே இரும்பு, அதே கடல். வினைச்சொல் மாறினால் சட்டம் மாறுகிறது. தமிழாசிரியர்கள் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எங்கே தேடப்போகிறீர்கள்?

வடகடலில் இரு தரப்பும் கற்ற பாடம்

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போயிற்று. வடகடலில் பிரெண்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவை இருந்தது. எடை சுமார் 14,500 டன். ஷெல் நிறுவனம் அதை அட்லாண்டிக் ஆழத்தில் மூழ்கடிக்கத் திட்டமிட்டது. பிரிட்டன் அரசும் அனுமதி தந்தது. 1995இல் கிரீன்பீஸ் அமைப்பினர் அதன்மேல் ஏறி அமர்ந்து போராடினார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். அந்த ஜூன் மாதமே நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. மிதவையில் 5,000 டன்னுக்கு மேல் எண்ணெய் மீதி இருப்பதாகக் கிரீன்பீஸ் சொன்ன கணக்குத் தவறு என்று பிறகு தெரிந்தது. செப்டம்பரில் அந்த அமைப்பு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆனால் கடலை இரும்புக் கிடங்காக்கக் கூடாது என்ற அதன் அடிப்படை வாதத்தை ஐரோப்பிய நாடுகள் ஏற்றன. மிகப் பெரிய சட்டகங்களின் அடிப்பகுதி போன்ற சில விலக்குகள் தவிர, பழைய மேடைகளைக் கடலில் விடக்கூடாது என்று 1998இல் முடிவெடுத்தன. பிரெண்ட் ஸ்பாரை வளையம் வளையமாக அறுத்து நார்வேயில் ஒரு துறைமுகப் படகுத்துறைக்கு அடித்தளமாக்கினார்கள்.

இதைச் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள். “அப்படியானால் யார் பக்கம் சரி, சார்?” என்பார்கள். ஓர் எண் தவறாக இருக்கலாம். அதைச் சொன்னவரின் கொள்கை சரியாக இருக்கலாம். கொள்கை சரி என்பதற்காகத் தவறான எண்ணை விட்டுவிடவும் கூடாது. தகவலையும் மதிப்பீட்டையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் கடலில் என்ன?

தமிழ்நாட்டுக் கடலில் எண்ணெய் மேடையைப் பாராக்கவில்லை. ஆனால் செயற்கைப் பார் நமக்குப் புதிதும் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பில், கான்கிரீட்டில் வார்த்த பார்களை மீன்வளத் துறை நம் கரையோரம் பல இடங்களில் இறக்கியிருக்கிறது. அவற்றில் ஒரு வடிவம் நமக்குப் பழகிய கிணற்று உறைதான்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி அருகே வான்தீவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. 2015 முதல் அதைச் சுற்றி, துளைகள் வைத்த கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும் அதில் பங்கேற்றன. அலையின் வேகம் தணிந்தது. தீவு தேய்வது நின்று மணல் சேரத் தொடங்கியது. அந்தக் கான்கிரீட்டில் பவளமும் மீனும் வந்து சேர்ந்தன.

வான்தீவையும் ஃபுளோரிடா டயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வான்தீவில் தேவை முதலில் வந்தது. அதற்கேற்ற பொருளைப் பிறகு செய்தார்கள். ஃபுளோரிடாவில் வேண்டாத பொருள் முதலில் இருந்தது. அதற்கு ஒரு பயனைப் பிறகு தேடினார்கள். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கேள்வி இதுதான்: “எது முதலில் வந்தது? தேவையா, கழிவா?” கழிவு முதலில் வந்தால் அதை உடனே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. கலிபோர்னிய மேடைகளும் மீனுக்காகக் கட்டியவை அல்லவே. ஆனால் கழிவு முதலில் வந்த இடத்தில் இரண்டு மடங்கு கவனமாகக் கேள்வி கேட்க வேண்டும். யாருக்குச் செலவு மிச்சம்? ஐம்பது ஆண்டு கழித்து இரும்பு இற்றுப்போனால் யார் பொறுப்பு?

ஓரிடத்தில் சரியானது இன்னோரிடத்திலும் சரியாகிவிடாது. பாம்பே ஹை வயலில் கடல் எழுபது மீட்டருக்கு மேல் ஆழம். நம் பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது. அடியில் கடற்புல் வெளிகள் விரிந்திருக்கின்றன. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. புல்வெளியின் மேல் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் முதலில் புல்லிடம் கேட்க வேண்டும்.

வகுப்பில் நடந்தது

கரையோரப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்தேன். நாட்டுப்படகு மீனவர், விசைப்படகு உரிமையாளர், நிறுவனம், அரசு. நாட்டுப்படகுக் குழு செயற்கைப் பாரை வரவேற்றது. தூண்டில்காரருக்குப் பார் வரம்; இழுவலை அந்தப் பக்கம் வராது என்பது கூடுதல் நிம்மதி. அப்போது விசைப்படகுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “வலை மாட்டிக் கிழிஞ்சா காசு யாரு சார் குடுப்பா? எங்கப்பாவுக்கு அந்த இடம் எங்க இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அது மீனைப் பற்றிய கேள்வி இல்லை. முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி. பாடநூலின் குடிமையியல் பகுதி ஒரு நொடியில் அந்த வகுப்புக்குள் வந்துவிட்டது. நாட்டுப்படகு வீட்டுப் பையனும் விசைப்படகு வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சு வரிசையில் இருக்கிறார்கள். கரையில் அவர்கள் அப்பாக்களுக்கு இடையே உரசல் இருக்கலாம். வகுப்பறை ஒன்றில்தான் அவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் முழுதாகக் கேட்க முடியும்.

உள்பகுதிக்கு வந்தபின், கடல் பார்க்காத பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பதில் பக்கத்திலேயே இருந்தது: கல்குவாரிப் பள்ளம். நம் மாவட்டத்தில் கல் எடுத்து முடித்த பள்ளங்களில் தண்ணீர் நிற்பதைப் பார்க்காத பிள்ளை குறைவு. “அந்தப் பள்ளத்தை வெட்டியவரே மூட வேண்டுமா, மீன் வளர்க்கவும் தண்ணீர் சேமிக்கவும் அப்படியே விடலாமா?” எண்ணெய் மேடைக் கேள்வியே ஊருக்கு வந்துவிட்டது. மீன் வளரும் என்றார்கள் சிலர். கோடையில் ஆட்டுக்குத் தண்ணீர் என்றார்கள் சிலர். “போன லீவுல குளிக்கப் போனவங்க நிலைமை?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வேலி போடும் செலவு யாருடையது, மூடும் செலவு யாருடையது என்று பேச்சு போயிற்று. கடலைப் பற்றிப் பாடம் நடத்தியபோது பேசாதவர்கள் அன்று பேசினார்கள்.

நாம் செய்யக்கூடியவை

பட்டிமன்றம் நமக்குப் பழகிய வடிவம். பேச்சுத்திறன் வளர அது உதவும். ஆனால் அங்கே ஓர் அணியில் அமர்ந்த பிள்ளை கடைசிவரை அந்த அணியில்தான் இருக்க வேண்டும். ஆதாரம் கேட்டு மனம் மாற இடமில்லை. அதனால் நான் மூன்று சிறு மாற்றங்கள் செய்கிறேன். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பேசும் முன் ஒவ்வொருவரும் தன் கருத்தை ஒரு தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். விவாதம் முடிந்தபின் மீண்டும் எழுத வேண்டும். மாறியவர்கள் எதனால் மாறினார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மாறினால் மதிப்பெண் குறையாது; காரணம் சொன்னால் கூடும்.

இரண்டாவது, கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘அளந்து சொல்லக்கூடியது’, மறுபக்கம் ‘நாம் முடிவு செய்ய வேண்டியது’ என்று எழுதுங்கள். மேடையில் எத்தனை வகை மீன் என்பது முதல் பக்கம். மிச்சமான பணத்தில் மீனவருக்கு எவ்வளவு என்பது இரண்டாம் பக்கம். எந்த வாக்கியம் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளே வாதாடட்டும்.

மூன்றாவது, கணக்கு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணத்துக்கு, முழுவதும் அகற்ற 100 ரூபாய், பாராக்க 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 40. பாதி அரசுக்கு என்றால் 20. அந்த 20 ரூபாயை வைத்து எத்தனை ஆண்டு அந்த இடத்தைக் கண்காணிக்கலாம்? ஆண்டுக்கு ஒரு ரூபாய் ஆனால் இருபது ஆண்டு. இருபத்தோராம் ஆண்டு? ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். ஆனால் பொதுப் பணம் பற்றிய பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒரு முறையாவது விடைக்குறிப்பில் இல்லாத கேள்வி ஒன்றை வகுப்பில் வைப்போம். “சார், உங்க கருத்து என்ன?” என்று கேட்பார்கள். நான் மறைப்பதில்லை. கிணறு அடைத்து, மேல்தளம் அகற்றி, மீனவர்களைக் கேட்டு, பொறுப்பு யாருடையது என்று எழுதி வைத்தபின்தான் எந்த மேடையையும் பார் என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. அதைச் சொன்ன கையோடு, “இதில் எந்த இடம் பலவீனம், கண்டுபிடியுங்கள்” என்பேன். ஒரு முறை ஒரு மாணவன் கேட்டான்: “எழுதி வச்ச கம்பெனியே மூடிட்டா, சார்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம்.

உங்கள் பள்ளியில் இதை முயன்று பார்த்து, பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அடுத்த குறுவளக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விடைகளைவிட அவற்றைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.